தேரிமண் தந்த தமிழர் தந்தை – சி. பா. ஆதித்தனார்

அரசியலில் நின்றவர்கள் பலர்; இதழியலில் வென்றவர்கள் சிலர்; இரண்டு துறையிலும் கால் பதித்து, இரண்டையும் தமிழ் என்னும் ஒரே நூலில் கோக்க முயன்றவர்கள் மிகச் சிலரே. அந்த மிகச் சிலருள் ஒருவர் சி. பா. ஆதித்தனார். அவர் நடத்திய நாளிதழை அறியாத தமிழர் இல்லை. அவர் வகித்த பதவிகளை நினைவில் வைத்திருப்போர் ஓரளவு உண்டு. ஆனால், அந்த இதழும் அந்தப் பதவிகளும் எந்த நோக்கத்தின் இரு கிளைகளாக இருந்தன என்பதை எண்ணிப் பார்ப்போர் குறைவு. நாசரேத்திலிருந்து கூப்பிடு தொலைவு என்று சொல்லத்தக்க தேரிக்காட்டு ஊர் ஒன்றில் பிறந்து, சென்னைக் கோட்டையில் சட்டப்பேரவைத் தலைவராக அமர்ந்த அவருடைய வாழ்க்கை, மொழியைத் தொழிலாகவும் தவமாகவும் கொண்டோர் அனைவரும் அறியத்தக்கது.

மண்ணும் மரபும்

திருச்செந்தூருக்கு மேற்கே, செம்மணல் மேடுகள் அலையலையாய் விரிந்து கிடக்கும் நிலப்பகுதியைத் தேரி என்பர். காற்று வீசும் திசைக்கேற்ப மணல் இடம் பெயரும். பனையும் உடையும் முந்திரியுமே அங்கு வேர் பிடித்து நிற்பவை. வடக்கே தாமிரபரணி பாயும் திருவைகுண்டம், ஆழ்வார்திருநகரிப் பகுதிகளில் நெல்லும் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் செழித்திருக்க, தெற்கே சில கல் தொலைவிலேயே நிலம் சிவந்து வறண்டுவிடும். கருப்பட்டியும் பனையோலையும் பனைநாரும் அந்த வறண்ட நிலத்து மக்களின் வாழ்வாதாரங்கள். இந்தத் தேரியின் ஓரத்தில் அமைந்த காயாமொழி என்னும் ஊரில் 1905-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 27-ஆம் நாள் ஆதித்தனார் பிறந்தார். தந்தையார் சிவந்தி ஆதித்தர். அன்னையார் கனகம் அம்மையார். பெற்றோர் இட்ட பெயர் பாலசுப்பிரமணியன். திருச்செந்தூர் முருகனின் திருப்பெயரை மக்களுக்குச் சூட்டுவது அந்த வட்டாரத்தின் வழக்கம். காயாமொழி ஆதித்தர் குடும்பங்கள் நிலவளமும் ஊர்ச் செல்வாக்கும் உடையவை.

அவர் பிறந்த காலத்தில் இந்த வட்டாரம் பெரிய மாற்றம் ஒன்றைக் கண்டுகொண்டிருந்தது. இடையன்குடியில் அரை நூற்றாண்டு வாழ்ந்த கால்டுவெல், 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலின் வழியே தமிழின் தனித்தன்மையை உலகறியச் செய்து மறைந்துவிட்டார். ஜி. யு. போப் சாயர்புரத்தில் இட்ட கல்வி விதை மரமாகி நின்றது. 1876-இல் நாசரேத்துக்கு வந்த கனம் மர்காஷியஸ் ஐயர், பள்ளிகளும் மருத்துவமனையும் கைத்தொழிற்கூடமும் வளர்த்து, இச்சிற்றூரை ஒரு நகராக்கிவிட்டு, 1908-இல்தான் கண்மூடினார். வடகிழக்கே தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரனார் 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார். எழுத்தறிவு, கைத்தொழில், தன்னாட்சி வேட்கை ஆகிய மூன்றும் ஒரே சமயத்தில் இந்த மண்ணில் முளைவிட்ட காலம் அது. ஆதித்தனாரின் பிற்கால வாழ்க்கையை நோக்குவோர், அந்த மூன்றின் சாயலையும் அதில் காண்பர்.

கல்வியும் கடல் கடந்த வாழ்வும்

திருவைகுண்டத்தில் பள்ளிப் படிப்பை முடித்த ஆதித்தனார், திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் பயின்றார். மாணவராய் இருந்தபோதே அச்சுத்தொழிலில் அவருக்கு நாட்டம் ஏற்பட்டது. மெழுகுவர்த்தி செய்வது போன்ற சிறு கைத்தொழில்களைக் கற்பிக்கும் சிறு நூல்களை வெளியிட்டார். இலக்கிய இதழ் நடத்தும் ஆசையோடு கல்லூரி மாணவர்கள் பலர் திரிந்த காலத்தில், பிழைக்க வழி சொல்லும் நூல்களை அச்சிட்ட அந்த இளைஞரின் மனப்போக்கு கருதத்தக்கது. படிக்கத் தெரிந்த ஏழைக்கு எது பயன்படும் என்னும் கேள்வி அன்றே அவர் உள்ளத்தில் எழுந்துவிட்டது எனலாம்.

பின்னர் இலண்டன் சென்று, மிடில் டெம்பிளில் சட்டம் பயின்று பாரிஸ்டர் ஆனார். அங்கிருந்தபடியே தமிழ் இதழ்களுக்குச் செய்திக் கட்டுரைகள் எழுதினார். சட்டத்தைவிட அவரைக் கவர்ந்தது அந்நகரத்து நாளிதழ் உலகம். இலண்டனில் அறிஞர்கள் படிக்கும் இதழ்கள் ஒரு வகை. தொழிலாளரும் வண்டியோட்டுவோரும் கடைச் சிப்பந்திகளும் வாங்கும் இதழ்கள் மற்றொரு வகை. டெய்லி மிர்ரர் போன்ற இரண்டாம் வகை இதழ்கள் பெரிய எழுத்துத் தலைப்பு, குறுகிய வாக்கியம், படம் ஆகியவற்றால் இலட்சக்கணக்கான வாசகரை ஈர்த்திருந்தன. அதைக் கண்ட ஆதித்தனார், தமிழில் இத்தகைய இதழ் ஏன் இல்லை என்று எண்ணினார். அந்த எண்ணம் பத்தாண்டுகள் அவர் உள்ளத்தில் உறங்கிக் கிடந்தது.

1933-இல் சிங்கப்பூரில் கோவிந்தம்மாளை மணந்தார். அந்நகரிலேயே வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்டு நல்ல வருவாயும் ஈட்டினார். தென்பாண்டிச் சீமையிலிருந்து கொழும்புக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வணிகர்களும் தொழிலாளர்களும் சென்று குடியேறியிருந்த காலம் அது. தோட்டங்களிலும் துறைமுகத்திலும் உழைத்த தமிழர், தாயகத்துச் செய்திக்காக ஏங்கியதை அவர் நேரில் கண்டார். இரண்டாம் உலகப் போர் கிழக்கே பரவியது. சிங்கப்பூர் 1942 பிப்ரவரியில் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அந்த ஆண்டில் ஆதித்தனாரின் வாழ்க்கை மதுரையில் புதிதாய்த் தொடங்கியது.

தந்தி பிறந்த கதை

மதுரையில் தமிழன் என்னும் வார இதழையும் மதுரை முரசு என்னும் இதழையும் நடத்திப் பார்த்தபின், 1942 நவம்பர் முதல் நாளன்று நாளிதழைத் தொடங்கினார். தந்தி என்பது அதன் பெயர். பின்னாளில் அது தினத்தந்தி ஆயிற்று. அந்தப் பெயரின் பொருத்தத்தை இன்றைய தலைமுறை உணர்வது அரிது. அன்று சிற்றூருக்குத் தந்தி வந்தால் ஊரே கூடிவிடும். படித்துச் சொல்பவர் வருவதற்கு முன்பே வீட்டுப் பெண்கள் அழத் தொடங்கிவிடுவர். விரைவு, அவசரம், நெஞ்சைத் தொடும் செய்தி ஆகிய மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கிய பெயர் அது. இதழுக்குப் பெயர் சூட்டுவதிலேயே மக்களின் நாடியைப் பிடித்துப் பார்த்தவர் ஆதித்தனார்.

தமிழில் அதற்கு முன்னரும் நாளிதழ்கள் இருந்தன. 1882-இல் ஜி. சுப்பிரமணிய ஐயர் தொடங்கிய சுதேசமித்திரன் பின்னர் நாளிதழாகிப் பெருமையோடு நடந்துவந்தது. 1934-இல் தோன்றிய தினமணி, டி. எஸ். சொக்கலிங்கத்தின் ஆசிரியப் பொறுப்பில் தேசிய உணர்வை வளர்த்தது. அவற்றின் தொண்டு பெரிது. ஆனால் அவை நடுத்தர வகுப்பினரின் திண்ணைகளையும் அலுவலகங்களையும் நோக்கியே எழுதப்பட்டன. உழவரும் தொழிலாளரும் அவற்றைத் தம்முடையவை என்று கருதவில்லை. 1951-ஆம் ஆண்டுக் குடிக்கணக்குப்படி இந்திய நாட்டில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 18 பேரே. அந்நிலையில், அப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய மனிதனை வாசகனாகக் கருதி ஒரு நாளிதழ் நடத்துவது வணிக அறிவுக்கு முரணாகவே தோன்றியிருக்கும்.

போர்க்காலமாதலின் காகிதம் கிடைப்பது அரிதாயிற்று. தொடங்கிய இதழ் காகிதமின்றி நின்றுவிடும் நிலை. ஆதித்தனார் வைக்கோலைக் கூழாக்கிக் கையாலேயே காகிதம் செய்யும் முறையைக் கையாண்டார். மாணவப் பருவத்தில் கைத்தொழில் நூல்களை வெளியிட்டவருக்கு அது அயலான வழியாகத் தோன்றவில்லை. பழுப்பேறிய, சொரசொரப்பான அந்தத் தாளில் அச்சான எழுத்துகள்தாம் பின்னாளில் தமிழகத்தின் ஊர்தோறும் நுழைந்தன.

ஒரே நகரில் அச்சிட்டு இரயிலில் அனுப்பினால் தொலைவிலுள்ள ஊர்களுக்கு இதழ் மறுநாள்தான் போய்ச் சேரும். செய்தி பழையதாகிவிடும். இதனை உணர்ந்த ஆதித்தனார், சென்னை, சேலம், திருச்சி, திருநெல்வேலி, கோவை என நகர்தோறும் பதிப்புகளை ஏற்படுத்தினார். விடியலில் தேநீர்க் கடை திறக்கும்போது இதழும் அங்கே இருக்கவேண்டும் என்பது நோக்கம். ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப்பேர் சுற்றியிருந்து கேட்கும் காட்சி முடிதிருத்தகங்களிலும் தேநீர்க் கடைகளிலும் அன்றாட வழக்கமாயிற்று. 1960-இல் தொடங்கிய கன்னித்தீவு என்னும் சித்திரக்கதை, குழந்தைகளையும் முதியோரையும் ஒருங்கே எழுத்தின்பால் இழுத்தது. பள்ளிக்கூட வாயிலை மிதியாதவர்களிற் பலர், அந்தப் பெரிய எழுத்துத் தலைப்புகளை விரல் வைத்துப் படித்தே எழுத்தறிந்தனர்.

எளிய தமிழும் எழுந்த எதிர்ப்பும்

ஆதித்தனாரின் மொழிக்கொள்கை தெளிவானது. மக்கள் பேசும் மொழியில் கொச்சையை நீக்கினால் கிடைப்பதே இதழுக்குரிய தமிழ் என்பது அதன் சாரம். வாக்கியம் குறுகியதாக இருக்கவேண்டும். ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தியே இருக்கவேண்டும். படிப்பவன் அகராதியைத் தேடக்கூடாது. இந்நெறிகளைத் தம் இதழில் பணியாற்றுவோர்க்குப் பயிற்றுவித்ததோடு அமையாமல், இதழாளர் கையேடு என்னும் நூலாகவும் எழுதினார். தமிழில் செய்தி எழுதும் கலையை முறைப்படுத்திய தொடக்கக்கால நூல்களுள் அதுவும் ஒன்று.

இங்கே இலக்கிய அன்பர்கள் நின்று சிந்திக்கவேண்டிய முரண்பாடு ஒன்று உண்டு. தமிழ் வெல்க என்று முழங்கியவரின் இதழில் கோர்ட்டு, போலீஸ், பஸ், ரெயில் என்று அயற்சொற்கள் தாராளமாய் உலவின. தனித்தமிழ் அன்பர்கள் இதைக் கண்டு வருந்தினர். மறுபுறம், கொலையும் கொள்ளையும் காதல் விவகாரமும் தலைப்பில் இடம்பிடிப்பதைக் கண்ட புலவர் பெருமக்கள், இதழ் மக்களின் சுவையைத் தாழ்த்துகிறது என்று குறைகூறினர். இவ்விரண்டு குறைகளையும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பரபரப்புச் செய்திகளில் துன்புற்றோரின், குறிப்பாகப் பெண்களின், மானம் போதிய அளவு காக்கப்படவில்லை என்பது உண்மை. அந்தப் போக்கு தமிழ் இதழுலகில் ஆழ வேரூன்றிவிட்டது என்பதும் உண்மை.

ஆயினும் நாணயத்தின் மறுபக்கத்தையும் நோக்கவேண்டும். நீதிமன்றம் என்று எழுதினால் புரியாத உழவனுக்குக் கோர்ட்டு என்றால் புரிந்தது. தன் வழக்கு, தன் வாய்க்கால், தன் வரி பற்றிய செய்தியை அவன் முதன்முறையாகத் தானே படித்தான். அதுவரை அவனுக்காகப் பிறர் படித்தனர். படித்தவர் சொன்னதே செய்தியாயிற்று. எழுத்தின்மீது சிலருக்கு இருந்த தனியுரிமை அந்த நாளில் தளர்ந்தது. பாவேந்தரையும் புதுக்கவிதையையும் பின்னாளில் படித்த பல்லாயிரவர், முதலில் எழுத்துக்கூட்டிய தாள் இந்நாளிதழாகவே இருந்திருக்கும். இலக்கியத்துக்கு வாசகன் வேண்டும். வாசகனாவதற்கு முன் அவன் எழுத்தறிந்தவனாக வேண்டும். அந்த முதற்படியை அமைத்தவர்களுள் ஆதித்தனார் முதன்மையானவர்.

மேலவை முதல் தனிக்கட்சி வரை

இதழ் நடத்துவது ஒரு கை என்றால், அரசியல் அவருக்கு மறு கை. 1947-இல் சென்னை மாகாணச் சட்டமன்ற மேலவை உறுப்பினரானார். வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வழங்கப்பட்டபின் நடந்த முதற் பொதுத்தேர்தலில், 1952-இல், கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியின் சார்பில் திருச்செந்தூரில் போட்டியிட்டு வென்றார். ஆச்சாரிய கிருபளானி தோற்றுவித்த அந்தக் கட்சி உழவரையும் தொழிலாளரையும் முன்னிறுத்தியது. 1957-இல் சாத்தான்குளத்தில் சுயேச்சையாக நின்று வெற்றி பெற்றார். காங்கிரசுப் பேரியக்கம் காமராசரின் தலைமையில் வலிமையோடு விளங்கிய காலத்தில், கட்சிச் சின்னமில்லாமல் ஒருவர் வெல்வது எளிதன்று. தேரிக்காட்டு மக்களிடையே அவருக்கிருந்த செல்வாக்குக்கு அது சான்று.

அந்த ஆண்டுகளில் தமிழகத்தின் எல்லையும் பெயரும் அரசியலின் நடுப்பொருளாயின. 1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. மார்ஷல் நேசமணி முதலியோரின் போராட்டத்தால் கன்னியாகுமரிப் பகுதி தாயகத்தோடு இணைந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் தங்கிவிட்டன. மாநிலத்துக்குத் தமிழ்நாடு எனப் பெயரிடக் கோரி உண்ணாநோன்பிருந்த தியாகி சங்கரலிங்கனார் 1956 அக்டோபரில் உயிர் நீத்தார். எனினும் மாநிலத்தின் பெயர் சென்னை என்றே நீடித்தது. மக்கள் ஒன்றாயினர், வீட்டுக்கு மட்டும் சொந்தப் பெயர் இல்லை. இந்த ஏக்கம் ஆதித்தனாரின் அரசியலை உருவாக்கிற்று.

தனித்தமிழ்நாட்டுக் கனவு

1958-இல் நாம் தமிழர் இயக்கத்தை அவர் தோற்றுவித்தார். தமிழர் வாழும் நிலப்பகுதிகள் ஒன்றுசேர்ந்த இறைமையுடைய தமிழ்நாடு என்பதே அதன் குறிக்கோள். ஈழத்துத் தமிழ்ப் பகுதியையும் தன் பார்வையில் கொண்ட விரிந்த கனவு அது. அப்போது திராவிட இயக்கத்தார் திராவிட நாடு வேண்டும் என்று முழங்கினர். ஆனால் ஆந்திரரும் கன்னடரும் மலையாளிகளும் தத்தம் மாநிலங்களைப் பெற்று நிறைவடைந்துவிட்டனர். அக்கோரிக்கைக்கு அவர்களிடையே ஆதரவு இல்லை. அவ்வாறாயின் கோரிக்கை தமிழர்க்கு மட்டுமே உரியது. அதைத் தமிழ்நாடு என்றே சொல்லிவிடலாமே என்பது ஆதித்தனாரின் வாதம். ம. பொ. சிவஞானத்தின் தமிழரசுக் கழகமும், பின்னர் 1961-இல் ஈ. வெ. கி. சம்பத் கண்ட தமிழ்த் தேசியக் கட்சியும் தமிழினம் என்னும் அடிப்படையிலேயே பேசின. வழிகள் வேறுவேறாயினும் ஒரு சிந்தனை பலர் உள்ளத்தில் ஒரே காலத்தில் கருக்கொண்டிருந்தது.

1960 ஜூனில், தமிழ்நாடு நீங்கலாக இந்திய நாட்டுப் படத்தை எரிக்கும் போராட்டத்தைப் பெரியாரும் ஆதித்தனாரும் நடத்தினர். ஆனால் போராட்டத்தில் கிட்டிய கவனம் வாக்குப்பெட்டியில் கிட்டவில்லை. 1962 பொதுத்தேர்தலில் நாம் தமிழர் கட்சி ஓரிடத்திலும் வெல்லவில்லை. இலட்சக்கணக்கானோர் காலையில் ஆதித்தனாரின் இதழை வாங்கினர். அவர்களே வாக்களிக்கையில் வேறு சின்னங்களைத் தேடினர். வாசகரின் அன்பு வேறு, வாக்காளரின் முடிவு வேறு என்னும் பாடத்தை இத்தேர்தல் கற்பித்தது.

அடுத்த ஆண்டு பேரிடி விழுந்தது. 1963-இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 16-ஆவது திருத்தம், தேர்தலில் நிற்போர் நாட்டின் இறைமையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுக்கவேண்டும் என்றாக்கிற்று. பிரிவினை பேசினால் சட்டமன்ற வாயில் அடைபடும். திராவிட முன்னேற்றக் கழகம் தன் திராவிட நாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது. ஆதித்தனாரின் முன்னும் அதே கேள்வி நின்றது. கனவைப் பற்றிக்கொண்டு வெளியே நிற்பதா? கனவைச் சுருக்கிக்கொண்டு உள்ளே சென்று, இயன்றதைச் செய்வதா? அவர் இரண்டாவதைத் தேர்ந்தார். 1965-இல் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி மாநிலமெங்கும் மூண்டபின், காங்கிரசுக்கு எதிரான அணிகள் ஒன்றுதிரண்டன. 1967 தேர்தலில் திருவைகுண்டம் தொகுதியில் உதயசூரியன் சின்னத்தில் நின்று ஆதித்தனார் வென்றார். நாம் தமிழர் இயக்கம் தி. மு. கழகத்தில் இணைந்தது.

இதைச் சந்தர்ப்பவாதம் என்று இகழ்ந்தோர் உண்டு. அரசியல் முதிர்ச்சி என்று போற்றியோரும் உண்டு. அடுத்து நிகழ்ந்தவற்றைக் கொண்டே அதனை எடைபோடவேண்டும்.

பேரவைத் தலைவர்

1967 மார்ச்சு 6-ஆம் நாள் அறிஞர் அண்ணா முதலமைச்சரானார். மார்ச்சு 17-இல் ஆதித்தனார் சட்டப்பேரவைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆங்கிலத்தின் நிழல் அகலாதிருந்த அவையில் தமிழை நடுநாயகமாக அமர்த்தியது அவருடைய தலையாய பணி. அவை நடவடிக்கைகளைத் தமிழில் நடத்தினார். நாள்தோறும் அவை கூடியதும் திருக்குறள் ஒன்றைப் படித்துத் தொடங்கும் மரபு அவர் ஏற்படுத்தியது. ஆட்சிகள் மாறின, கட்சிகள் மாறின, அம்மரபு மாறவில்லை. கொள்கையில் எதிரெதிராய் நிற்போரும் வள்ளுவர்முன் சிறிது நேரம் ஒன்றாய் அமைதி காக்கின்றனர். புலவர்க்கு இதைவிட மகிழ்ச்சி தரும் அவைமரபு வேறு இருத்தல் அரிது.

1967 ஜூலை 18-ஆம் நாள், மாநிலத்துக்குத் தமிழ்நாடு எனப் பெயர் மாற்றும் தீர்மானம் பேரவையில் எழுந்தது. அது ஒருமனதாக நிறைவேறிற்று. அத்தீர்மானத்தை அவையின் முடிவுக்கு விட்ட தலைமை இருக்கையில் அமர்ந்திருந்தவர் ஆதித்தனார். அந்தப் பெயருக்காகவே ஓர் இயக்கம் கண்டவர் அவர். ஆனால் தலைவரின் இருக்கைக்கு ஓர் அறம் உண்டு. அங்கே அமர்ந்தவர் வாதிடக்கூடாது, நடுநிலை பிறழக்கூடாது. தம் வாழ்நாள் வேட்கை நிறைவேறிய நாளில், அதற்காக முழங்கும் உரிமை அவருக்கு இல்லை. மற்றவர் பேசினர், அவர் கேட்டுக்கொண்டிருந்தார். மேடைப் பேச்சிலும் தலைப்பு எழுத்திலும் பழகியவருக்கு அந்த மௌனம் எளிதாய் இருந்திருக்காது. எனினும் அந்த மௌனத்தின் வழியாகவே அப்பெயர் சட்டத்தின் வாயிலைக் கடந்தது. நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்குப் பின் 1969 சனவரி 14-ஆம் நாள், பொங்கல் திருநாளில், தமிழ்நாடு என்னும் பெயர் நடைமுறைக்கு வந்தது. இறைமையுடைய நாடு என்னும் கனவு கைகூடவில்லை. அந்தக் கனவின் பெயர் மட்டும் மாநிலத்தின் பெயராய் நிலைத்தது. முழுமையை இழந்து ஒரு பகுதியைப் பெற்ற நிகழ்ச்சி இது. அந்தப் பகுதியை இன்று எவரும் சிறிதென்று சொல்லமாட்டார்.

1968 சனவரி 23-ஆம் நாள், தமிழும் ஆங்கிலமும் மட்டுமே மாநிலத்துப் பள்ளிகளில் இடம்பெறும் என்னும் இருமொழிக் கொள்கைத் தீர்மானமும் அவர் தலைவராய் இருந்த பேரவையிலேயே நிறைவேறியது. சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பளித்த திருத்தமும் அக்காலத்ததே. தமிழகத்தின் அடுத்த அரை நூற்றாண்டை உருவாக்கிய முடிவுகள் பல, ஓராண்டுக் காலத்துக்குள் அந்த அவையில் எடுக்கப்பட்டன. 1968 ஆகஸ்டில் ஆதித்தனார் தலைவர் பதவியிலிருந்து விலகினார்.

அமைச்சுப் பணியும் இறுதி ஆண்டுகளும்

அண்ணா 1969 பிப்ரவரியில் மறைந்தபின் அமைந்த கருணாநிதியின் அமைச்சரவையில் ஆதித்தனார் கூட்டுறவுத்துறை அமைச்சரானார். வட்டிக்குக் கடன் வாங்கியே உழவு செய்யும் குடியானவரை அறிந்த தேரிமண்ணின் மகனுக்கு அது பொருத்தமான துறையே. 1971 தேர்தலிலும் திருவைகுண்டம் மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தனர். 1976 சனவரி இறுதியில், நெருக்கடி நிலைக் காலத்தில், தி. மு. க. ஆட்சி கலைக்கப்பட்டது.

கல்வித்துறையிலும் அவர் கருத்துச் செலுத்தினார். 1965-இல் திருச்செந்தூரில் அவர் பெயர் தாங்கிய ஆதித்தனார் கல்லூரி தோன்றியது. அதுவரை இப்பகுதியில் மேற்கல்வி நாடுவோர் வெளியூர்களுக்குச் செல்லவேண்டியிருந்தது. பனையேறிகளின் மக்களும் பரதவர் மக்களும் வீட்டிலிருந்தே சென்று பட்டம் பெற அது வழிவகுத்தது. பின்னாளில் அவர் துணைவியார் பெயரால் மகளிர்க்கும் அங்கே கல்லூரி அமைந்தது. நாளிதழ்ப் பொறுப்பை இளைய மகன் சிவந்தி ஆதித்தன் 1959 முதலே ஏற்று வளர்த்தார். மூத்த மகன் இராமச்சந்திர ஆதித்தன் மாலை முரசை நடத்தினார்.

1981 மே 24-ஆம் நாள் ஆதித்தனார் இயற்கை எய்தினார். அவருக்கு அப்போது அகவை 75. சென்னை எழும்பூரில் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆண்டுதோறும் செப்டம்பர் 27-ஆம் நாளையொட்டி அவர் பெயரால் இலக்கியப் பரிசு வழங்கப்படுவது வழக்கமாயிற்று. அவர் சூட்டிய நாம் தமிழர் என்னும் பெயரைச் சீமான் 2010-இல் தம் கட்சிக்கு மீண்டும் சூட்டினார்.

நிறைவாக

ஆதித்தனாரின் வாழ்க்கையில் வெற்றியும் விட்டுக்கொடுத்தலும் பின்னிக் கிடக்கின்றன. கட்சிகள் சிலவற்றில் அவர் இருந்தார், சிலவற்றைக் கடந்தார், தாம் கண்ட கட்சியையும் கரைத்தார். அவர் இதழின் செய்திச்சுவை எல்லார்க்கும் உடன்பாடானதன்று. ஆனால் கட்சி மாறியபோதெல்லாம் மாறாதது ஒன்று உண்டு. தமிழ், படித்தோர் சிலரின் அணிகலனாக மட்டும் இருத்தல் கூடாது. உழைப்போர் அனைவரின் கருவியாகவும் ஆகவேண்டும் என்னும் உறுதியே அது. தேநீர்க் கடையில் அதை நாளிதழாகத் தந்தார். பேரவையில் குறளாக ஒலிக்கச் செய்தார்.

இலக்கிய வட்டங்கள் எண்ணிப் பார்க்கவேண்டிய கேள்வியை அவர் விட்டுச் சென்றிருக்கிறார். எளிமைக்காக மொழியின் அழகை எவ்வளவு இழக்கலாம்? அழகுக்காக வாசகரில் எத்தனை பேரை இழக்கலாம்? ஆதித்தனார் முதல் இழப்பை ஏற்றுக்கொண்டார்; இரண்டாவதை ஏற்கவில்லை. கவிஞர்கள் பெரும்பாலும் இதற்கு மாறாகவே தேர்ந்துள்ளனர். இரண்டையும் இழவாத மொழி ஒன்று கைகூடுமாயின், தேரிமண்ணில் வைக்கோல் தாளில் தொடங்கிய அந்தப் பயணம் தன் இலக்கை எய்தியதாகும். அந்த மொழியைத் தேடும் பொறுப்பு, எழுதுகோல் பிடித்த ஒவ்வொருவருக்கும் உரியது.